மூன்றாம் படத்துக் கடிகாரம்

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாம் படத்தில் சுவர்க் கடிகாரம் பதினொன்றே கால் காட்டுகிறது. நான்காம் படத்தில் பத்து இருபது. பார்சலைப் பிரித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மூன்றில் உங்கள் கணினிக்காரர் குழந்தைக்குப் பதிலாக நாற்காலியில் போய் உட்காருகிறார். நான்கில் அவர் தலையில் தொப்பி இருக்கிறது. உட்காருவதற்கு ஐம்பத்தைந்து நிமிடம் முன்னாலேயே தொப்பி மாட்டிவிட்டாயா?

"இதையெல்லாம் யாருடி பாக்கப் போறாங்க" என்று நீ சொல்வாய். உன் ஆய்வகத்துக்கு வரப்போகிற குழந்தைகள் பார்ப்பார்கள். புது இடம், புது ஆள் என்று அவர்கள் மிரளக் கூடாது, வீட்டிலேயே நாலு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றுதானே இந்தப் படப் புத்தகத்தையே செய்யச் சொன்னாய்? புத்தகம் பொய் சொன்னால் அதற்குப் பிறகு உன்னை யார் நம்புவார்கள்?

இன்னும் இருக்கிறது. வாசல் படத்துக்கு அடுத்தது நேராக அறை. ஆய்வகம் மூன்றாவது மாடி என்று நீயே எழுதியிருக்கிறாய். பறந்தா வருவார்கள்? லிஃப்ட் படம் வேண்டும். அது நிற்கும்போது மணி அடிக்குமா, குரல் பேசுமா என்றும் எழுது. கழிப்பறையில் கை உலர்த்துகிற மெஷின் இருக்கிறதா? இருந்தால் அதையும் படம் எடு. தலையில் தடவுகிற பசைக்கு என்ன வாசனை? "மணமில்லாதது" என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து எழுதாதே. முகர்ந்து பார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா போனை என் காதில் வைத்து அழுத்தினாள். நான் மூச்சு விட்டதோடு சரி. கோபம் ஒன்றும் இல்லை. போனில் எப்போது என் முறை வருகிறது என்றே எனக்குத் தெரிவதில்லை. நான் பேசலாம் என்று வாயைத் திறந்தால் நீ ஆரம்பித்துவிடுகிறாய். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. எப்படியும் பார்சல் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதிலேயே கடிதத்தையும் வைத்துவிடு.

அம்மா சுகம். தையல் குவிந்து கிடக்கிறது. நான் பட்டன் தைக்கிறேன், ஓரம் அடிக்கிறேன், துணி கொடுக்க யாராவது வந்தால் உள்ளே போய்விடுகிறேன். "வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்லேர்ந்து முத்தா உதிர்ந்துடும்? திமிர்னு நெனைக்கிறாங்கடி" என்று அம்மா தினம் ஒரு தடவை பாடுகிறாள். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, பாட்டு மட்டும் மாறவில்லை.

மூன்றாம் படத்தைத் திரும்ப எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
நீ வைத்த பெயரில்,
கோட்டான்

—

ஜூலை 6

என் ஊமைக் கோட்டானுக்கு,

வாயைத் திறக்காதவள் பேனாவைத் திறந்தால் இப்படியா? உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கே எங்கள் ஆய்வகப் பேராசிரியையிடம் திட்டு வாங்கின மாதிரி இருந்தது. கடிகாரத்தை இங்கே பதினோரு பேர் பார்த்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. நாலாம் படத்தை முதலில் எடுத்தோம், அதுதான் விஷயம். திரும்ப எடுக்கிறேன். பசையை முகர்ந்தேன். ஈரச் சுண்ணாம்புச் சுவர் வாசனை. போதுமா?

உனக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் குறை சொல்கிறாய். என் ஒரு நாளைக் கேள். வேலையின் பெயர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். செய்வது போன் போடுவது, படிவம் பொறுக்குவது, பிள்ளைகளுக்குத் தலை கழுவி விடுவது. இன்று ஒன்பது மணிக்கு வர வேண்டிய குடும்பம் வரவில்லை. பத்தரைக்கு அந்த அம்மா போன். "மேடம், செவப்புச் செருப்புதான் போட்டுக்கிட்டு வருவேங்கிறான், அதுல ஒண்ணைக் காணோம்." சரி, வேறு நாள். பன்னிரண்டுக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றுக்கே வந்து நிற்கிறார்கள். ஐந்து வயசுப் பெண். மூளையிலிருந்து வரும் சின்னச் சின்ன மின் அலைகளைப் பதிவு செய்வதுதான் நீ படத்தில் பார்த்த தொப்பி. காது மாதிரி, கேட்கும், ஒன்றும் செய்யாது. அதில் அறுபத்து நாலு பொட்டு. ஒவ்வொரு பொட்டுக்கும் பசை வைக்க வேண்டும். அறுபத்து மூன்று வைத்தாயிற்று, அந்தக் குழந்தையும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அப்போது பார்த்துப் பேராசிரியை கதவைப் படீரென்று திறந்து, "எல்லாம் சரியா போகுதா?" என்றார். அதுவரை சரியாகத்தான் போனது. தொப்பி ஜன்னலில் போய் விழுந்தது.

அவளுடைய அம்மா வெட்கத்தில் அழுகிறாள், "இவ எப்பவும் இப்படித்தான், ஒரே அடம்" என்று. வாரத்துக்கு மூன்று பேரிடமாவது நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: "அது அடம் இல்லம்மா. அவளுக்கு அந்தச் சத்தம் நமக்குக் கேக்கற மாதிரி கேக்கல."

இப்போது ஒரு உதவி. பதினாலிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் முப்பது, இல்லாதவர்கள் முப்பது, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். உள்ளவர்கள் முப்பதும் வந்தாயிற்று. இல்லாத பக்கத்தில்தான் இருபத்தொன்பதோடு நிற்கிறது. பரீட்சை, டியூஷன் என்று ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் ஆய்வும் தள்ளிப்போகும், என் வேலை நீட்டிப்பும் தள்ளிப்போகும். உனக்குப் பதினேழு. உறவுக்காரர் கூடாது என்று எங்கும் எழுதவில்லை, பேராசிரியையிடம் கேட்டுவிட்டேன். இத்தோடு இருக்கிற படிவத்தை நிரப்பி, அம்மாவிடம் ஒப்புதலில் கையெழுத்து வாங்கி அனுப்பு. ஐம்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தில் டிக். அரை மணி நேர வேலை. தேறினதும் ஒரு நாள் வந்து தொப்பி போட்டுக்கொண்டு போ. தலையை நானே கழுவி விடுகிறேன்.

உன் அக்கா

—

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

அரை மணி நேரமா? இரண்டு நாள் ஆனது. இந்தப் படிவத்தை எழுதினவரை ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்தாலும் பேச மாட்டேன், இருந்தாலும் பார்க்க வேண்டும்.

"விருந்துக்குப் போவது எனக்குப் பிடிக்கும்." யார் வீட்டு விருந்து? எத்தனை பேர்? மைக் செட் உண்டா? "ஒருவர் முகத்தைப் பார்த்தே அவர் சலித்துப்போனதைத் தெரிந்துகொள்வேன்." அம்மா முகத்திலா, மற்றவர் முகத்திலா? அம்மா முகம் என்றால் தெரியும், பதினேழு வருஷமாகப் படிக்கிறேன். மற்றவர் என்றால் தெரியாது. இதற்கு ஒரே கட்டத்தில் எப்படி டிக் போடுவது? ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

"வீட்டில் ஒரு பொருள் இடம் மாறினால் எனக்குச் சங்கடமாக இருக்கும்." இதற்கு "எப்போதும்" போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, கத்தரிக்கோலை அந்தப் பக்கம் வெச்சதுக்கு நீ ஒரு நாள் பூரா சாப்பிடாம இருந்தியே, அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடிதான் போட்டிருக்கிறேன். அம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது. தொப்பிக்கு வருவதற்கு முன்னால் எனக்கு லிஃப்ட் படம் வேண்டும். அதைப் பற்றி நீ பதிலே எழுதவில்லை.

கோட்டான்

—

ஜூலை 15

கோட்டானுக்கு,

உன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. "ஓரத்தில் எதுவும் எழுத வேண்டாம்" என்று முதல் பக்கத்தில் முதல் வரியிலேயே போட்டிருக்கிறது. நீ முப்பத்தொரு இடத்தில் எழுதியிருக்கிறாய். அந்த முதல் வரியின் ஓரத்தில் கூட "ஏன்?" என்று எழுதியிருக்கிறாய்.

அது போகட்டும். ஆட்டிசம் இல்லாதவர்கள் பக்கத்தில் சேர, மொத்தம் நூற்றைம்பதில் எழுபதுக்குக் கீழே மதிப்பெண் வர வேண்டும். அதற்கு மேலே போனால் சேர்க்க முடியாது. உனக்குத் தொண்ணூற்றாறு வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் அளவுக்கு மீறி யோசித்துப் போட்டிருக்கிறாய், அதனால் வந்த வினை. உன்னைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான். உனக்குக் கூச்சம், கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான். அதைப் போய் "எப்போதும்", "எப்போதும்" என்று நிரப்பினால் கணக்கு அப்படித்தான் வரும். புதுப் படிவம் வைத்திருக்கிறேன். பதினோரு வாக்கியத்துக்குப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். அவற்றை மட்டும் நிதானமாக, சாதாரணமாக எல்லாரும் போடுகிற மாதிரி யோசித்துப் போடு. மற்றதை அப்படியே பார்த்து எழுதிவிடு. சீக்கிரம் அனுப்பு. தேதி நெருங்குகிறது. தினமும் காலையில் பேராசிரியை "முப்பதாவது ஆள்?" என்று ஒற்றை விரலைக் காட்டிவிட்டுப் போகிறார்.

அவசரத்தில்,
அக்கா

—

ஜூலை 18

அக்காவுக்கு,

உன் புதுப் படிவத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறேன். பென்சில் வட்டத்தை மட்டும் அழித்துவிட்டேன். வேறு யாருக்காவது உதவும்.

எல்லாரும் போடுகிற மாதிரி என்றால் எப்படி? எல்லாரும் எப்படிப் போடுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருந்திருப்பேன்?

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பத்தாம் வகுப்பில் எங்கள் அறையை மாற்றினார்கள். என் பெஞ்சுக்கு நேர் வெளியே ஜன்னலுக்கு மேலே மின்சார மணி. ஒரு நாளைக்கு எட்டு தடவை அடிக்கும். அடிப்பது ஒரு நிமிடம் கூட இல்லை, ஆனால் அது அடிக்கப்போகிறது என்று பத்து நிமிடம் முன்னாலிருந்தே எனக்குப் பாடம் காதில் ஏறாது. அடித்து முடித்த பிறகு பத்து நிமிடம் பல்லெல்லாம் கூசும். கூட்டிப் பார். ஒரு நாளில் எனக்கு என்ன மிச்சம்? விடுமுறைக்கு நீ வந்தபோது உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "எல்லாருக்கும்தானே அடிக்குது? உனக்கு மட்டும் தனியாவா அடிக்குது?"

அதோடு நான் சொல்வதை விட்டேன். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தையும் விட்டேன். அம்மா திமிர் என்றாள், டீச்சர் சோம்பல் என்றார், நீ கூச்சம் என்றாய். உங்கள் மூன்று பேருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

இப்போது நீ அங்கே உட்கார்ந்துகொண்டு யாரோ ஒரு அம்மாவிடம், "அது அடம் இல்லம்மா, அவளுக்கு நமக்குக் கேக்கற மாதிரி கேக்கல" என்று சொல்கிறாய். வாரத்துக்கு மூன்று தடவை. அதைப் படித்துவிட்டு எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. எரிச்சல் என்று வைத்துக்கொள்.

எனக்கு இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாது. அந்தத் தொண்ணூற்றாறுக்கு என்ன அர்த்தம் என்றும் தெரியாது. உனக்குத் தெரியும். உனக்கு அதுதான் வேலை. உனக்கு முப்பதாவது ஆள் வேண்டும், எனக்குப் பதில் வேண்டும். கூச்சம்தானா, வேறு ஏதாவதா? வேறு ஏதாவது என்றால் யாரிடம் போய்க் கேட்பது? இதற்கு மட்டும் பதில் எழுது. டிக் போட்டு அனுப்பாதே.

கோட்டான்

—

ஜூலை 29

அக்காவுக்கு,

பதினோரு நாள் ஆகிவிட்டது.

படப் புத்தகத்தின் முதல் நாலு பிரதிகளைத் தைத்து இத்தோடு அனுப்புகிறேன். போன பார்சலில் நீ வைத்திருந்த லிஃப்ட் படத்தையும், திரும்ப எடுத்த மூன்றாம் படத்தையும் சேர்த்துவிட்டேன். இந்தத் தடவை கடிகாரம் சரி. லிஃப்ட் படத்துக்குக் கீழே, நீ பின்பக்கம் குறித்திருந்தபடி, "நிற்கும்போது டிங் என்று ஒரு தடவை சத்தம் வரும். அப்புறம் வராது" என்று எழுதியிருக்கிறேன். ஒரு தடவைதானா என்று ஏறிப் பார்த்து உறுதி செய்துகொள். கதவைத் திறக்கிற பேராசிரியைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். "இவர் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்." அவரிடம் காட்டிவிடு.

"என்னடி, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று அம்மா கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். படிவத்தில் கேட்டிருந்தால் "ஆம்" என்று போட்டிருப்பேன்.

கோட்டான்

—

ஆகஸ்ட் 4

என் தங்கைக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

உன் கடிதம் வந்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம்தான் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரு வார்த்தையை இவள் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாளே என்று. எங்களிடம் இன்னொரு படிவமும் உண்டு. ஒருவரைப் பற்றி அவருடைய நெருங்கிய உறவினர் நிரப்புவது, அதே ஐம்பது வாக்கியம். உன் விஷயத்தில் அம்மா நிரப்ப வேண்டியது. அம்மாவிடம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் "நல்ல பொண்ணுதான்" என்று எழுதி வைப்பாள். அதனால் ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், நானே எடுத்து உட்கார்ந்தேன். நீ போட்டது தப்பு என்று உனக்குக் காட்டத்தான். வேறு எதற்கும் இல்லை.

முதல் பக்கம் முடிவதற்குள் கை நின்றுவிட்டது. இடம் மாறின கத்தரிக்கோல். ஒரே மாதிரிச் சட்டை நாலு தைக்கச் சொல்லி நீ அழுதது. விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய், அவர்கள் போகிறவரை வெளியே வராதது. நாங்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போமே. மற்ற வீட்டுப் பிள்ளைகள் இதே மாதிரி என்றால் நான் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அவர்கள் ஆய்வு எண்ணோடு என்னிடம் வருகிறார்கள். நீ என் கூடவே இருந்தாய்.

கூட்டிப் பார்த்தேன். நூற்று நாலு. நீ உனக்கே போட்டதைவிட எட்டு அதிகம். அப்புறம்தான் கவனித்தேன், நானும் ஓரத்தில் எழுதியிருந்தேன்.

மறுநாள் பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை மாற்றிப் போடச் சொன்னதையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதே மாதிரி வேற யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றார். இல்லை. உன்னிடம் மட்டும்தான். நீ மறுபேச்சுப் பேச மாட்டாய் என்று நினைத்தேன். இப்போது அந்த இருபத்தொன்பது படிவத்தையும் வேறொருவர் சரிபார்க்கிறார், என்னைத் தொட விடவில்லை. அது நியாயம்தான். வேலை நீட்டிப்பு என்ன ஆகும் என்று தெரியாது. அதற்கு நீ காரணம் இல்லை. அப்படி யோசிக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்து.

இனி நீ கேட்ட பதில். படிவம் சந்தேகத்தைத்தான் சொல்லும், முடிவு சொல்லாது. பார்த்துப் பேசி முடிவு சொல்ல ஒரு மருத்துவர் இருக்கிறார், எங்கள் மாடிக்குக் கீழேதான். பெண். மெதுவாகப் பேசுவார், எழுதிக் கொடுத்தாலும் படிப்பார் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆகஸ்ட் 21, காலை பத்து மணி உன் பெயரில் இருக்கிறது. வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. வராவிட்டால் அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுப்பார்கள், யாரும் உன்னைக் கோபிக்க மாட்டார்கள். அம்மாவிடம் யார் சொல்வது என்பதையும் நீயே முடிவு செய்.

அந்த மணியைப் பற்றி. யோசித்துப் பார்த்தேன். உனக்கு மட்டும் தனியாகத்தான் அடித்திருக்கிறது.

எட்டு படம் வைத்திருக்கிறேன். இங்கே ரயில் நிலையத்தின் வாசலிலிருந்து மருத்துவரின் அறை வரைக்கும். சுவர்க் கடிகாரத்தை நம்பவில்லை.

அக்கா

—

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு படத்திலும் ஓரத்தில் உன் மணிக்கட்டு இருக்கிறது, கைக்கடிகாரத்தோடு. ஒன்பது பத்து, ஒன்பது பதினாறு என்று ஒழுங்காகப் போகிறது. ஆனால் ஆறாம் படத்தில் ஒன்பது ஐம்பத்திரண்டு, ஏழில் ஒன்பது நாற்பத்தொன்பது. ஆறு மருத்துவரின் கதவு, ஏழு அதற்கு முன்னால் இருக்கிற நாற்காலி வரிசை. முதலில் உட்கார வேண்டும், அப்புறம்தான் கதவு. எண்ணை மாற்றிப் போட்டுவிட்டாய். இத்தனை நடந்தும் நீ திருந்தவில்லை.

உன் கடிதத்தை அம்மாவிடம் நானே கொடுத்தேன். தையல் மெஷினை மிதித்தபடியே படித்தாள். கால் நின்றுவிட்டது. "அப்ப திமிர் இல்லையாடி?" என்றாள்.

"இருக்கு. அது வேற" என்றேன்.

அம்மா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எந்த முகம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. பிறகு, "டிக்கெட் நான் போய் எடுத்துட்டு வரவா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

ஏழாம் படத்தை ஆறின் இடத்தில் வைத்து, புத்தகத்தைத் தைத்து முடித்தேன். அப்புறம் ஒரு தாளில் உன் ஊர், தேதி, வண்டி நேரம், இரண்டு பேர், ஜன்னல் ஓரம் என்று எழுதி எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்தவரிடம் தாளை நீட்டினேன். அவர் படித்தார். பணத்தை வைத்தேன். இரண்டு டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கோட்டான்